எரிமலைக் கிண்ணத்துக்குள் ஒரு பகல்: காரைக்குடித் தோழிகளிடம் ஊரார் கேட்ட கேள்விகள்

காரைக்குடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நாங்கள் ஐந்து பேர், போன ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவுக்குப் போய், ப்ரோமோ எரிமலை இருக்கும் பள்ளத்தாக்கில் ஒரு பகல் முழுக்க நடந்துவிட்டு வந்தோம். வந்ததிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும், காய்கறிக் கடையிலும், கொப்புடையம்மன் கோவில் வாசலிலும் கேள்விகள்தாம். போக நினைப்பவர்களும் கேட்கிறார்கள், போனதே தப்பு என்பவர்களும் கேட்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எரிமலை வாய்க்குள் எட்டிப் பார்த்தீர்களா?

இல்லை. எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இல்லை என்றதும் முகம் வாடிவிடுகிறது. எங்களுக்கு வாட்டம் இல்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்படியானால் 'எரிமலைக்குள் நடந்தோம்' என்பது எப்படிச் சரி?

நம் வீட்டு விசேஷத்துக்கு எடுக்கும் பெரிய உருளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் நாலைந்து கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. உருளிதான் தெங்கர் என்னும் பழைய பெரிய எரிமலையின் பள்ளம். கவிழ்ந்த கிண்ணங்கள் அதற்குள் பிற்பாடு முளைத்த சின்ன மலைகள். அவற்றில் ஒன்று ப்ரோமோ. இன்றைக்கும் புகைவது அது ஒன்றுதான்.

பூமிக்கடியில் தேங்கிய கற்குழம்பு பெரிய வெடிப்பில் வெளியேறிவிட்டால், மேலே இருந்த மலை தாங்க ஆளில்லாத கூரைபோல உள்ளே அமுங்கிவிடும். இப்படி உண்டாகும் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். தெங்கர் பள்ளம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் அகலம். அடித்தளம் முழுக்கக் கருஞ்சாம்பல் மணல். அங்குள்ளவர்கள் அதை 'மணல் கடல்' என்றே சொல்கிறார்கள். விளிம்பிலிருந்து இறங்கி அந்த மணலில் கால் வைத்த நிமிடமே நீங்கள் ஒரு எரிமலைக்குள் இருக்கிறீர்கள். ப்ரோமோவின் வாய் அந்தப் பெரிய வாய்க்குள் இருக்கும் இன்னொரு சின்ன வாய்.

நம் பிரான்மலை எரிமலையாக இருந்ததா? அதன் உச்சியிலும் பள்ளம் இருக்கிறதே?

இருந்ததில்லை. பாரி ஆண்ட பறம்பு மலை என்று நாம் கொண்டாடும் பிரான்மலையும், சுற்றுவட்டாரக் குன்றுகளும் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி, மேலே இருந்த மண் அரித்துப் போனதால் வெளியே தெரிபவை. வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். பாறையில் தெரியும் சுனைகளும் குழிகளும் மழையும் காலமும் செய்தவை. இந்திய எல்லைக்குள் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பேரன் (Barren) தீவு ஒன்றுதான். அங்கே இறங்கி நடக்க முடியாது.

ஜாவா வேறு கதை. அங்கே கடலடித் தட்டு ஒன்று தீவுக்கு அடியில் சரிந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது சுமந்துபோகும் நீர் ஆழத்தில் உள்ள சூடான பாறையோடு சேரும்போது, பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடுகிறது. உருகியது மேலே வருகிறது. தீவு நெடுக எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ப்ரோமோ என்றால் பிரம்மாவா?

ஆமாம். பிரம்மா என்பதன் ஜாவா உச்சரிப்புதான் அது. பள்ளத்தின் தெற்கே, எட்டத்தில் தெரியும் உயரமான கூம்பு செமேரு, நம் மேரு. 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயர்ந்தது. பாரத தேசத்திலிருந்து மேருவைப் பெயர்த்துக் கொண்டுபோய், ஆடிக்கொண்டிருந்த ஜாவாத் தீவை நிலைநிறுத்த அதன்மேல் வைத்தார்கள் என்று அங்கே பழங்கதை உண்டு. அதைக் கேட்டபோது எங்கள் ஐயாமார் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, கப்பலேறிய கதைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்த் தேக்கும் பணமும் கொண்டுவந்தார்கள். நம் மலையோ அவர்களுக்கும் முன்னாலேயே அக்கரைக்குப் போய்விட்டது.

மலையைச் சுற்றி வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். பழங்காலத்தில் ஜாவாவை ஆண்ட மஜாபாகித் பேரரசின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வெங்காயத்தாளும் போட்டிருக்கிறார்கள். தோளில் சாரம் (கைலி) போட்டுக்கொண்டு குளிரில் நிற்கும் அந்த மனிதர்களைப் பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் விடிகாலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பது போலவே இருக்கும்.

படத்தில் வரிவரியாக, கொழுக்கட்டை அச்சுப் போல நிற்கிறதே, அதுதானே ப்ரோமோ?

அது பாத்தோக். பத்தில் எட்டுப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ப்ரோமோ அதற்குப் பக்கத்தில், தலை வெட்டுப்பட்டு, சாம்பல் நிறத்தில், புகை விட்டுக்கொண்டு இருப்பது. பாத்தோக் என்றால் கொட்டாங்கச்சி. ரோரோ அந்தெங் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு பூதம், ஒரே இரவில் மணல் கடலைத் தோண்டித் தருவதாகச் சொல்லிக் கொட்டாங்கச்சியால் தோண்டியதாம். முடித்துவிடுவான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் நடுராத்திரியிலேயே நெல் குத்தத் தொடங்கினாள். உலக்கைச் சத்தம் கேட்ட சேவல்கள் விடிந்துவிட்டது என்று கூவின. தோற்றவன் கொட்டாங்கச்சியை வீசி எறிந்தான். அது கவிழ்ந்து பாத்தோக் ஆனது. எங்கள் வழிகாட்டி இதைச் சொன்னபோது, உலக்கைச் சத்தத்தோடு விடிந்த வளவுகளில் வளர்ந்த எங்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

ஆபத்து இல்லையா?

உண்டு. இல்லை என்று சொல்பவரோடு போகாதீர்கள்.

கற்குழம்பு ஆறாக ஓடி வரும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். நடந்து போகிறவர்களுக்கு உண்மையான ஆபத்து வேறு. வாய்க்கு அடியில் ஊறும் நிலத்தடி நீர், சூடேறி ஆவியாகி, பிரஷர் குக்கர் மூடி தெறிப்பது போல ஒரே நொடியில் வெடிக்கும். இந்த வகை வெடிப்புக்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. ஜப்பானில் ஒந்தாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, இலையுதிர்கால விடுமுறை நாளின் நண்பகலில் இப்படித்தான் வெடித்தது. உச்சியில் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உட்பட 63 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் 2019 டிசம்பர் 9 அன்று பள்ளத்துக்குள் சுற்றுலாப் பயணிகள் நின்றுகொண்டிருந்தபோது வெடித்து 22 பேர் இறந்தார்கள். ப்ரோமோவிலும் 2004 ஜூனில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.

இந்தோனேசிய எரிமலை ஆய்வுத்துறை நான்கு படிகளில் எச்சரிக்கை வைத்திருக்கிறது: நோர்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். வஸ்பாடா என்றால் விழிப்பாயிரு. நாங்கள் அங்கே இருந்த வாரம் ப்ரோமோ அந்த இரண்டாம் படியில் இருந்தது. வாயிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் போகவேண்டாம் என்பது அறிவுரை. புறப்படுவதற்கு முன்னாள் இரவும், அன்று காலையும் இதைப் பாருங்கள். தங்கும் விடுதிக்காரரிடம் கேட்டால் போதாது. அவருக்கு நீங்கள் வரவேண்டும்.

அதற்காகத்தான் ஏறவில்லையா? மற்றவர்கள் ஏறினார்களாமே?

ஏறினார்கள். மணலிலிருந்து ப்ரோமோவின் விளிம்புக்கு ஏறக்குறைய 250 படிகள். அதில் எறும்புச் சாரைபோல ஆட்கள் ஏறுவதை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். பக்கத்திலேயே நின்று எல்லாரும் செய்வதை நாம் செய்யாமல் இருப்பது லேசில்லை.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, பள்ளத்தூர்க்காரி வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம்: ஐவரில் யார் 'போதும்' என்றாலும் அங்கேயே நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இதைக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்த பழக்கத்தில் சொன்னாள் கானாடுகாத்தான் தோழி. நடை கூட்டத்தில் கால் வெடித்தவளை விட்டுவிட்டு யாரும் முன்னே போவதில்லை.

மணலில் அந்த ஒரு கிலோமீட்டர் எல்லையருகே வந்ததும் தேவகோட்டைத் தோழிக்கு ஏற ஆசை. "ஆறாயிரம் கிலோமீட்டர் வந்தாச்சு, 250 படிக்கு முன்னாடி திரும்புறதா?" என்றாள். ஆறாயிரம் இல்லை, அதைவிடக் குறைவு, ஆனால் அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களில் ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. அவள்தான் மெதுவாக "போதும்டி" என்றாள். நின்றுவிட்டோம். தேவகோட்டைக்காரி அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அந்த அரை மணி எனக்கு மலையைவிடக் கனமாக இருந்தது. பிறகு அவளே தன் பையிலிருந்து சீப்புச் சீடையை எடுத்து இழுப்புக்காரியின் கையில் வைத்தாள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் செய்ததையே எல்லாரும் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எச்சரிக்கை இறங்கியிருக்கும் காலத்தில் போனால் ஏறலாம். ஆனால் எச்சரிக்கை இருக்கும்போது, கூட்டம் ஏறுகிறது என்பதை மட்டும் நம்பி ஏறாதீர்கள். ஒந்தாகேயிலும் கூட்டம் இருந்தது.

பிறகு பகல் முழுக்க எங்கே நடந்தீர்கள்?

விளிம்பில் செமோரோ லாவாங் என்று ஒரு கிராமம். அங்கே இரண்டு இரவு தங்கினோம். விடிவதற்கு முன்னால் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு செருனி என்ற மேட்டுக்கு நடந்து, சூரியன் வருவதைப் பார்த்தோம். பள்ளம் முழுக்கப் பால் ஊற்றியது போல மேகம். மேலே பாத்தோக்கின் தலை, ப்ரோமோவின் புகை, பின்னால் செமேரு. அங்கே பேச்சு வரவில்லை. கானாடுகாத்தான் தோழி மட்டும் முணுமுணுப்பாகக் கந்த சஷ்டிக் கவசம் சொன்னாள்.

திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்கு மேல் மணலுக்கு இறங்கினோம். இந்த நேரம்தான் முக்கியம். விடியலுக்காக ஜீப்பில் வரும் கூட்டம் ஒன்பது, பத்து மணிக்குள் திரும்பிவிடும். அதன்பிறகு மணல் கடலில் கூட்டம் குறைந்துவிடும். லூஹூர் போத்தென் என்ற கறுத்த கோவிலைத் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, ப்ரோமோவைக் கிழக்கே விலகிச் சுற்றித் தெற்கே நடந்தோம். மணல் மெல்ல மெல்லப் புல்லாகிறது. ஒரு திருப்பத்தில் கறுப்பு முடிந்து பச்சை மேடுகள். இதே புல்வெளி 2023 செப்டம்பரில், கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்க வந்தவர்கள் கொளுத்திய புகைவாணத்தால் பற்றி எரிந்தது. புல் திரும்ப வந்திருக்கிறது. நாங்கள் தீப்பெட்டியே கொண்டுபோகவில்லை.

அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினோம். என் கைபேசி மணல்நடையை மட்டும் பதினாறு கிலோமீட்டர் என்று காட்டியது. சமதரைதான், ஆனால் சாம்பல் மணலில் இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் சறுக்கும். கடைசியில் விளிம்பேறும் சரிவு இருக்கிறதே, அது மாலை நான்கு மணிக் காலுக்குப் பெரிய சோதனை.

நடக்கும்போது முழுக்க ஒரு சத்தம் கூடவே வருகிறது. தூரத்துக் கடல் போல, பெரிய கோட்டை அடுப்பில் விடாமல் ஊதுகுழல் ஊதுவது போல. அது ப்ரோமோவின் மூச்சு. வாயைப் பார்க்காவிட்டால் என்ன, அதன் குரலைப் பகல் முழுக்கக் கேட்டோம்.

கந்தக நெடி தாங்க முடியுமா? இழுப்பு உள்ளவர்கள் போகலாமா?

தீபாவளி விடியலில் தெரு முழுக்க வெடித்த பிறகு மூக்கில் ஏறும் நெடி தெரியுமல்லவா, அதுதான். காற்று நம் பக்கம் திரும்பினால் தொண்டை அரிக்கும். எங்களுக்கு இரண்டு முறை அப்படி ஆனது. காற்றுக்குக் குறுக்கே நடந்து புகையை விட்டு விலகினோம். பத்து நிமிடத்தில் சரியானது. நெடிக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடை நாம் மாட்டும் சாதாரண முகக்கவசம் தடுக்காது. அது தூசிக்கு மட்டும் உதவும். இழுப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம். பள்ளமான இடங்களில் வாயு தங்கும் என்பதால் ஓய்வெடுக்க மேடான இடமாகப் பாருங்கள்.

கண்ணுக்குள் சாம்பல் போனால் கசக்காதீர்கள். அது அடுப்புச் சாம்பல் இல்லை, பொடியான கண்ணாடியும் கல்லும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

எவ்வளவு குளிர்?

ப்ரோமோ 2,329 மீட்டர். கொடைக்கானலுக்கு மேல், தொட்டபெட்டாவுக்குக் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடிகாலையில் புல் நுனி உறைந்து வெள்ளையாகிவிடும் நாட்கள் உண்டு. ஒன்பது மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆகவே கனமான ஒரே கோட்டு வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய மூன்று உடைகள். பழனிக்கு வெறுங்காலில் நடந்த பெருமையை இங்கே காட்டவேண்டாம். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். மழையில்லாத காலம் மே முதல் அக்டோபர் வரை.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் கண்ணை விழித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். சோயாவில் செய்த தெம்பே, தஹு இரண்டும் எங்கும் உண்டு. ஆனால் சாம்பாலில், அதாவது அவர்கள் மிளகாய்த் துவையலில், தெராசி என்னும் இறால் விழுது அரைத்திருப்பார்கள். கடலைச் சாறு ஊற்றிய காய்கறியிலும் அது இருக்கலாம். "தன்பா டாகிங்" என்றால் கறி வேண்டாம் என்று மட்டும்தான் பொருள். "தன்பா தெராசி" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடைக்கு நாங்கள் ஊரிலிருந்தே மனகோலம், சீப்புச் சீடை, பொருள்விளங்கா உருண்டை கொண்டுபோனோம். பொருள்விளங்கா உருண்டையை மலைநடைக்கென்றே கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும். கெடாது, நொறுங்காது, ஒன்று தின்றால் இரண்டு மணி நேரம் தாங்கும். எங்கள் வழிகாட்டிக்கு ஒன்று கொடுத்தோம். அவர் பாதியைக் கடித்துவிட்டு மீதியை மகளுக்கென்று மடித்து வைத்துக்கொண்டார். பிறகு அவருக்குத் தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் குறையாமல்.

ஐந்து பொம்பளைகள் மட்டும் போனீர்களா?

ஆமாம். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். 'பாக்' என்று கூப்பிட்டோம், அப்பா, ஐயா என்று பொருள். மேகம் இறங்கினால் மணல் கடலில் திசை தெரியாது. வழிகாட்டி வேண்டியது அதற்காக, துணைக்காக இல்லை.

எப்படிப் போவது? விசா?

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சுராபாயா. பிறகு கார்: ப்ரோபோலிங்கோ வழியாக மலையேற நான்கு மணி நேரம் போல ஆகும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் முப்பது நாள் விசா, ஐந்து லட்சம் ரூபியா. தொகையைக் கேட்டு மயங்க வேண்டாம், அவர்கள் ரூபியா அப்படித்தான். பூங்கா நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

பயிற்சி வேண்டுமா? எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

எங்களுக்கும் ஐம்பதை ஒட்டித்தான். இரண்டு மாதம் தினமும் விடியலில் ஒரு மணி நேரம் கண்மாய்க்கரையில் நடந்தோம், நான்கு ஞாயிறு பிரான்மலை ஏறினோம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறக்கத்துக்குக் கம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரம்மா மலைக்குப் பூப் போடலாமா?

தெங்கர் மக்கள் கசாடா திருநாளில் காய்கறி, நெல், கோழி, ஆடு எல்லாம் கொண்டுபோய் எரிமலை வாய்க்குள் இடுகிறார்கள். பிள்ளையில்லாத ரோரோ அந்தெங்கும் அவள் கணவன் ஜோகோ செகெரும் மலையிடம் வரம் கேட்டு இருபத்தைந்து பிள்ளை பெற்றார்கள். வாக்குப்படி கடைசிப் பிள்ளையை மலை எடுத்துக்கொண்டது. அவன் குரல் கேட்டுக்கொண்டபடி ஆண்டுதோறும் இந்தக் காணிக்கை. அந்தெங், செகெர் இரண்டு பெயரின் கடைசிப் பகுதிகள் சேர்ந்ததுதான் தெங்கர். அது அவர்கள் நேர்ச்சை, அவர்கள் செய்யட்டும். வாடாத மலைப்பூ ஒன்று அங்கே வளர்கிறது. காட்டில் அதைப் பறிக்கக் கூடாது. நாங்கள் மணலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டோம். பாக் அதைப் பார்த்துத் தானும் கை குவித்தார்.

சாம்பல் கொஞ்சம் கொண்டு வந்தாயா? திருநீறாகப் பூசிக்கொள்ளலாமே?

இதைக் கேட்டது என் அப்பத்தா, வயது எண்பத்தொன்பது. பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது அப்பத்தா என்றேன். அதோடு அது பசுஞ்சாணம் வெந்த சாம்பல் இல்லை, கண்ணாடிப் பொடி, நெற்றியைக் கீறிவிடும் என்றும் சொன்னேன். சரி என்றார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், வளவுத் தூணோரம் நான் கழற்றிப் போட்டிருந்த ஷூவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கறுப்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.